பழைய வெர்ஷனே போதும்

அந்த நாற்காலி வேண்டாம் சார், கால் ஆடும். இதுல உட்காருங்க. மதுரையில இருந்து பஸ் சீக்கிரம் வந்திருக்குமே. கம்ப்யூட்டர் அங்கதான் இருக்கு, எங்கயும் ஓடிராது. முதல்ல காப்பி வரட்டும். நீங்க அதுல கைய வைக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சுன்னு என் வாயால நீங்க கேட்டுக்கிடணும். வெளிய வேற மாதிரி சொல்லுவாங்க. கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கி நம்ம சங்கத்து ஆபீஸ் எங்கன்னு விசாரிச்சிருப்பீங்கல்லா, வழி சொன்னவன் சிரிச்சிருப்பானே? சிரிச்சானா இல்லையா? அதான்.

என் பேர் தங்கமாரியப்பன். முப்பது வருஷம் தீப்பெட்டிக்கு லேபிள் அச்சடிச்சவன். ஒன்பது வருஷமா இந்தச் சங்கத்துக்குச் செயலாளர். சம்பளம் கிடையாது. நம்ம சமூகத்துப் பிள்ளைகளுக்கு வரன் பாக்குற பகுதி முழுக்க என் கையில. ஆயிரத்து நூறு பதிவு இருக்கு சார். ஒவ்வொருத்தரும் இதோ நீங்க உட்கார்ந்திருக்கிற இடத்துலதான் வந்து உட்காருவாங்க. ஜாதகம் கொடுப்பாங்க, போட்டோ கொடுப்பாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்தி ஒண்ணு சொல்லுவாங்க. அந்தத் தாழ்த்திச் சொல்றதுதான் முக்கியம். அதை ஜாதகம் சொல்லாது. நான் ஒரு நோட்டுப் போட்டு அதையெல்லாம் எழுதி வச்சேன். எதுக்கு? நாளைக்கு ஒரு குடும்பம் ஏமாந்துரக் கூடாதுல்லா? என் சொந்த லாபத்துக்கா எழுதினேன்?

வெப்சைட்டைப் பாத்துக்கிட்டது பேச்சியம்மாள்னு ஒரு பிள்ளை. நம்ம பிள்ளைதான். இருபத்தெட்டு வயசு. தகப்பன் கிடையாது, தாய் தீப்பெட்டி ஆபீஸ்ல பெட்டி ஒட்டுது. கம்ப்யூட்டர் படிச்சுட்டுச் சும்மா இருந்தவளை நான்தான் கூப்பிட்டு வேலை கொடுத்தேன். நாலு வருஷம். நல்லா வேலை பாத்தா, அதை இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அழுத்தமான பிள்ளை. பேருலதான் பேச்சு.

போன வருஷம் சித்திரையில அவ வந்து, "அண்ணாச்சி, சாப்ட்வேர்ல புது வெர்ஷன் வந்திருக்கு, மாத்திரலாம், பழசுல பாதுகாப்பு இல்ல"ன்னா. சரி மாத்துன்னேன். மாத்தினா. அதுல ஒரு வசதி இருந்துச்சு, அதை நான் ஒத்துக்கிடணும். ஒவ்வொரு பதிவுக்கும் கீழ 'அலுவலகக் குறிப்பு'ன்னு ஒரு கட்டம். அதுல நாம எழுதுறது நமக்கு மட்டும்தான் தெரியும், வெளிய பாக்குறவனுக்குத் தெரியாது. அட, இது நல்லா இருக்கேன்னு என் நோட்டைத் தூக்கி அவகிட்ட கொடுத்தேன். ரெண்டு மாசமா உக்காந்து அத்தனையும் டைப் அடிச்சா.

அது ஒண்ணுதான் வசதி. மத்ததெல்லாம் தொல்லை. உள்ள போகணும்னா பாஸ்வேர்டு கேக்கும். ராசிக் கட்டம் போன்ல பாத்தா ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நீளமா ஓடும். வயசாளுங்க தினமும் எனக்குப் போன் போடுவாங்க. "தங்கமாரி, செவ்வாய் எந்த வீட்டுல இருக்குன்னே தெரியலையே." நான் வீடு வீடாப் போயா காட்ட முடியும்?

இந்த வருஷம் ஆவணியில நம்ம வரன் சந்திப்பு விழா. நானூறு குடும்பம் வரும். அதுக்கு முந்தின செயற்குழுக் கூட்டத்துல, எல்லார் முன்னாடியும், தலைவர் சொன்னார்: "பழைய வெப்சைட்டுதான்யா நல்லா இருந்துச்சு. இதை யார் மாத்தச் சொன்னா?" பதினாலு பேர் உக்காந்திருக்கான். எல்லாரும் என்னையே பாக்கான். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்க. நான் எந்திரிச்சு, "வியாழக்கிழமை பழசு வந்துரும் தலைவரே"ன்னுட்டேன். சொன்னது சொன்னதுதான். என் வாக்கு அப்படி.

புதன்கிழமை காலையில பேச்சிகிட்ட சொன்னேன். அவ முகம் மாறிப் போச்சு.

"அண்ணாச்சி, பழைய வெர்ஷனைத் திரும்பப் போட்டா அந்த அலுவலகக் குறிப்பு வெளிய தெரிஞ்சிரும்."

"அது எப்படித் தெரியும்? நீதான் மறைச்சு வச்சிருக்கியே."

"மறைக்கிற வசதியே புதுசுலதான் வந்துச்சு. பழசுக்கு அது தெரியாது. பேர், ஊர், படிப்பு மாதிரி அதையும் ஒரு விவரம்னு நினைச்சுக் காட்டிரும். எழுதினது அப்படியே இருக்கும், திரை மட்டும் போயிரும். எனக்கு ரெண்டு நாள் கொடுங்க. ஒரு காப்பி எடுத்துத் தனியாப் போட்டுப் பாத்துட்டு, அப்புறம் ஓடுற வெப்சைட்ல கைய வைப்போம்."

இதை நான் உங்ககிட்ட மறைக்கல. சொன்னா. சொன்னாதான். ஆனா எப்படிச் சொன்னா? மெதுவா, தரையைப் பாத்துக்கிட்டு. அவ்வளவு பெரிய ஆபத்துன்னா என் காலைப் பிடிச்சுத் தடுத்திருக்க வேண்டாமா? ரெண்டு நாள்னா வெள்ளிக்கிழமை ஆயிரும். நான் வியாழன்னு சொல்லிட்டேனே! நாளைக்குப் பத்தே முக்காலுக்கு நல்ல நேரம், அப்ப போடுறோம்னு சொல்லிட்டேன்.

மறுநாள் அவ பக்கத்துல நாற்காலியைப் போட்டு உக்காந்தேன். எல்லாம் தயார் பண்ணிட்டு, "கடைசியா ஒரு தடவை யோசிங்க அண்ணாச்சி"ன்னா. தள்ளும்மான்னேன். திரையில சிவப்பு எழுத்துல இங்கிலீஷ்ல என்னமோ வந்துச்சு. என்ன கேக்குதுன்னேன். "பழைய வெர்ஷனுக்குப் போறீங்க, சில அமைப்புகள் அழிஞ்சிரும், நிச்சயமாத் தொடரணுமான்னு கேக்குது"ன்னா. நல்ல காரியத்துக்கு மனசுல சஞ்சலத்தோட இருக்கிற பிள்ளை கை படக் கூடாதுன்னு நானே அமுக்கினேன். பிள்ளையாரை நினைச்சுக்கிட்டு, இந்த விரலால.

பத்து நிமிஷத்துல பழைய முகப்பு வந்துச்சு சார். அதே மஞ்சள் கலர், அதே குத்துவிளக்குப் படம். எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "ஒவ்வொரு பதிவாத் திறந்து பாத்துட்டுச் சொல்றேன் அண்ணாச்சி"ன்னா. நான், "அதெல்லாம் சாயங்காலம் பாத்துக்கிடலாம், நீ முதல்ல மண்டபத்துக்குப் போய் மேடையில பேனர் அளவு எடுத்துட்டு வா"ன்னு அனுப்பி வச்சேன். அவ போனதும் ஒரு காரியம் பண்ணினேன். பாஸ்வேர்டை மாத்திட்டேன். எப்படி மாத்தணும்னு அவளே ஒரு தடவை சொல்லிக் கொடுத்திருந்தா. மறுபடியும் புதுசைப் போட்டுட்டான்னா? முன்னெச்சரிக்கைதான். அப்புறம் நம்ம வாட்ஸப் குரூப்ல போட்டேன்: 'பழைய பொலிவுடன் நமது இணையதளம். உறவுகள் அனைவரும் உடனே பார்க்கவும்.' எண்ணூத்துச் சொச்சம் பேர் இருக்கிற குரூப். நூத்தி அம்பது பேர் கும்பிடு போட்டுருந்தான்.

வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். மத்தியானம் படுத்தா நான் போனை அமத்தி வச்சிருவேன். டாக்டர் சொல்லியிருக்கார், ரத்தக் கொதிப்பு. நாலு மணிக்கு எந்திரிச்சுப் போனைப் போட்டா, பேச்சி மட்டும் பதினேழு தடவை கூப்பிட்டிருக்கா. நான் திரும்பக் கூப்பிடறதுக்குள்ள வாசல்ல வந்து நிக்கா. வெயில்ல ஓடி வந்திருக்கா, மூச்சு வாங்குது. "பாஸ்வேர்டு சொல்லுங்க அண்ணாச்சி, பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு"ங்கா. என் சம்சாரம் பயந்தே போயிட்டா. நாலரைக்கு வெப்சைட்டை மூடினா. அஞ்சரை மணி நேரம் தெரிஞ்சிருக்கு. அஞ்சரை மணி நேரம்தான் சார். ஆனா இப்பதான் ஒவ்வொருத்தன் கையிலயும் போன் இருக்கே, அத்தனையையும் போட்டோ பிடிச்சு வச்சுக்கிட்டான்.

என்ன எழுதியிருந்தேன்னு கேக்கீங்களா? உண்மையைத்தான் எழுதியிருந்தேன். 'பெண்ணுக்குப் பல் எடுப்பு. வாய் மூடிய போட்டோ கேட்டு வாங்கியது.' 'பையன் இரண்டு கம்பெனியில் துரத்தப்பட்டவன். சொந்தத் தொழில் என்று சொல்லவும்.' 'தங்கைதான் அழகு. முதலில் அக்காவைக் காட்டவும், தங்கை போட்டோவைக் கொடுக்க வேண்டாம்.' 'தள்ளிவிடத் துடிக்கிறார்கள். எந்த இடம் என்றாலும் சரி என்பார்கள்.' இதுல எது பொய்? ஒருத்தன் வந்து பொய்னு சொல்லட்டும். சாத்தூர்ல இருந்து ஒருத்தன் அருவாளை எடுத்துக்கிட்டு வர்றேன்னு போன் போட்டான். நான் கேட்டேன், "உன் மகனுக்குக் காது கேக்குமா கேக்காதா? அதைச் சொல்லு முதல்ல"ன்னு. போனை வச்சுட்டான்.

பேச்சியோட குறிப்பும் அதுல இருந்துச்சு. ஆமா, அவளுக்கும் வரன் பதிவு இருந்துச்சு, அவ அம்மா வந்து கெஞ்சிப் பதிஞ்சது. நான் எழுதினது ஞாபகம் இருக்கு: 'நிறம் குறைவு. தகப்பன் குடித்துச் செத்தது. அலுவலகத்தில் வேலை செய்கிறாள். நல்ல இடம் வந்தால் காட்ட வேண்டாம், வேலைக்கு வேறு ஆள் கிடைக்காது.' இதை நான் கெட்ட எண்ணத்துல எழுதல. சங்கத்தோட நன்மையையும் நான் பாக்கணும்ல? நோட்டைக் கொடுக்கிறப்ப அந்தப் பக்கத்தைக் கிழிக்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். அவதான் அதையும் டைப் அடிச்சிருக்கா. ஒரு எழுத்துப் பிழை கிடையாது சார். வார்த்தைக்கு வார்த்தை அப்படியே. அதுக்குப் பெறகும் ஒரு வருஷத்துக்கு மேல இங்க வந்து உக்காந்து வேலை பாத்திருக்கா, எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்திருக்கா, ஒரு வார்த்தை கேக்கல. எவ்வளவு அழுத்தம் இருந்தா அப்படி இருக்க முடியும்? அதனாலதான் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. இவ வேணும்னே பண்ணியிருப்பாளோன்னு.

ஞாயித்துக்கிழமை விழாவுக்கு முப்பத்தோரு குடும்பம் வந்துச்சு. நானூறு குடும்பத்துக்குச் சாம்பார் கொதிக்குது. மைக்ல நான் பேசிக்கிட்டு இருக்கேன், பின்னாடி வரிசையில ஒரு பய என் குறிப்பைச் சத்தமா வாசிக்கான், சுத்தி உக்காந்தவன்லாம் சிரிக்கான். சிரிச்சவன்ல பாதிப்பேரு மத்தவன் ரகசியத்தை என்கிட்ட வந்து கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன்தான்.

திங்கக்கிழமை செயற்குழு. யாராவது ஒருத்தர் பொறுப்பு ஏத்துக்கிடணும்னு தலைவர் சொன்னார். நியாயம்தான். நான் பேச்சியை வரச் சொன்னேன். பதினாலு ஆம்பளைங்க உக்காந்திருந்தோம், அவ நின்னா. "இந்த வேலையைச் செஞ்சது யாரும்மா?"ன்னு தலைவர் கேட்டார்.

"நான்தான் தயார் பண்ணிக் கொடுத்தேன். பட்டனை அமுக்கினது அண்ணாச்சி."

"பாஸ்வேர்டு?"

"அண்ணாச்சி மாத்திட்டாங்க. அதான் உடனே மூட முடியல."

எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு சார். நாலு வருஷம் சோறு போட்டவனைப் பதினாலு பேர் முன்னாடி காட்டிக் கொடுக்கா. நான் அவகிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "பேச்சி, உன்னைப் பத்தி நான் எழுதியிருந்தது உனக்கு முன்னாடியே தெரியுமா தெரியாதா?" தெரியும்னா. "அப்ப உனக்கு என் மேல கோவம் இருந்துச்சா இல்லையா?" அதுக்கு அவ என்னையே பாத்தா. "போதும், புரிஞ்சு போச்சு"ன்னார் தலைவர். எல்லாருக்கும் புரிஞ்சிருச்சு.

அன்னைக்கே குரூப்ல அறிவிப்புப் போட்டோம். எழுத்து என்னுது. 'தொழில்நுட்பப் பணியாளர் செல்வி பேச்சியம்மாளின் தனிப்பட்ட காழ்ப்புணர்ச்சியால்' அப்படின்னு ஆரம்பிச்சு நாலு வரி. போட்டோவும் போட்டோம், இல்லைன்னா வேற பேச்சியம்மாள்னு நினைச்சுருவாங்கல்லா. அவ அம்மா வேலை பாக்குற தீப்பெட்டி ஆபீஸ் வாசல்ல போய்ச் சில பேர் சத்தம் போட்டிருக்காங்க. அது தப்பு. நான் கண்டிச்சேன். பேச்சி ஆபீஸ் சாவியையும் என் நோட்டையும் இந்த மேஜையில வச்சுட்டு, ஒரு பென்டிரைவையும் வச்சா. "வியாழக்கிழமை காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் பேக்கப் எடுத்து வச்சேன். அடுத்து வர்றவங்களுக்கு உதவும்"னு சொல்லிட்டுப் போயிட்டா. அதைத்தான் உங்களுக்குக் கொடுக்கணும். இந்தாங்க. இப்ப தாயும் மகளும் திருப்பூர்ல இருக்காங்கன்னு கேள்வி.

காப்பி வந்திருச்சு, குடிங்க. சீனி போதுமா?

இதெல்லாம் கூடப் பரவால்ல சார். என் மனசை நோகடிச்சது வெயிலுமுத்து விஷயம்தான். அவரு தாலுகா ஆபீஸ்ல சர்வேயரா இருந்து ரிட்டயர் ஆனவர். நானும் அவரும் எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரே பெஞ்சு. சம்சாரம் செத்து நாலு வருஷம் ஆச்சு. ஒரே மக, செண்பகவல்லி. பள்ளிக்கூடத்துல கெமிஸ்ட்ரி டீச்சர். முப்பத்தொண்ணு வயசு. சமைக்கிறது, துவைக்கிறது, தகப்பனுக்குக் கண்ணுல மருந்து விடுறது எல்லாம் அந்தப் பிள்ளைதான். தகப்பனும் மகளுமா சாயங்காலம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போவாங்க. ஊரே பாக்கும். அப்படிப் பேசிச் சிரிச்சுக்கிட்டுப் போவாங்க.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி அந்தப் பிள்ளைக்குப் பதிவு போட வந்தவர் குரலைத் தாழ்த்தினார். அழுதுட்டார். அதுக்குப் பதினாறு வயசா இருக்கையில புத்தி கலங்கி, திருநெல்வேலியில மனநல ஆஸ்பத்திரியில அஞ்சு மாசம் வச்சிருந்திருக்காங்க. ஊர்ல பாட்டி வீட்டுல இருந்து படிக்குதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. நல்லாயிருச்சு. காலேஜ் படிச்சுது, தங்க மெடல் வாங்குச்சு. "யாருக்கும் தெரியாது தங்கமாரி. ஆனா ஒருத்தரை ஏமாத்திக் கட்டிக் கொடுக்கவும் மனசு இல்ல. நீ மனசுல வச்சுக்கோ, ரொம்ப நல்ல ஆளா வந்தா மட்டும் பக்குவமாச் சொல்லு"ன்னார். மனசுல வச்சுக்கிட நான் என்ன கம்ப்யூட்டரா? நோட்டுல எழுதி வச்சேன்.

கடைசியில இந்த ஆனியிலதான் அதுக்கு ஒரு இடம் அமைஞ்சுது. சிவகிரிக்காரப் பையன், அவனும் வாத்தியார்தான். நிச்சயம் முடிஞ்சு, தையில கல்யாணம். பதிவை எடுக்காம விட்டிருந்தோம். அந்த வியாழக்கிழமை மாப்பிள்ளையோட தாய்மாமன் கண்ணுல பட்டிருச்சு. வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்து நிச்சயச் சேலையைத் திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாங்க. அந்தப் பிள்ளையே உள்ள போய் மடிச்சுக் கொண்டாந்து கொடுத்திருக்கு. பள்ளிக்கூடத்துல போர்டுல எவனோ ஆஸ்பத்திரி பேரை எழுதி வச்சிருக்கான். அதை அழிச்சுட்டுப் பாடம் நடத்துச்சாம்.

பத்து நாள் கழிச்சு வெயிலுமுத்து வந்தார். நான் சண்டைக்கு வர்றாருன்னு நினைச்சு எந்திரிச்சு நின்னேன். அவரு இந்த மேஜையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தார்.

"கல்யாணம் போனாப் போகுது தங்கமாரி. அவளுக்கு அது கூடப் பெருசா இல்ல. யார் சொன்னாங்கன்னுதான் கேக்கா. தினமும் கேக்கா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்குத் தெரியாதுன்னேன்."

"சரி."

"அவ இங்க வருவா. உன்கிட்ட கேப்பா. என் தங்கச்சி பிச்சம்மாள் சொன்னான்னு சொல்லிரு. ஆஸ்பத்திரிக்குக் கூட வந்தவ அவ ஒருத்திதான். அவ செத்து மூணு வருஷம் ஆச்சு, அவளுக்கு இனிமே என்ன வந்துரப் போகுது. எனக்காக இந்த ஒரு வார்த்தை சொல்லு."

நான் திகைச்சுப் போயிட்டேன் சார். செத்துப் போன மனுஷி மேல பழியைப் போடச் சொல்றார்! கூடப் பிறந்த தங்கச்சி மேல! "வெயிலுமுத்து, இது நியாயமா? செய்யாதவ மேல ஒரு பழியைத் தூக்கிப் போட எனக்கு நாக்கு வருமா? நான் பொறுப்புல இருக்கிறவன்"னு சொன்னேன். அவர் என் கையைப் பிடிச்சார். "என் சம்சாரம் சாகும்போது, இதை நம்ம மூணு பேரையும் பிச்சம்மாளையும் தவிர யாரும் அறியப்படாதுன்னு என் கையையும் மக கையையும் சேத்து வச்சுச் சொல்லிட்டுப் போனா. அதுக்கு முன்னாடியே நான் உன்கிட்ட சொல்லிட்டேன்னு அவளுக்கும் தெரியாது, இவளுக்கும் தெரியாது. தெரிஞ்சா எனக்கு யாரும் இல்ல தங்கமாரி." நான் கையை விடுவிச்சுக்கிட்டேன். பழகினவங்கன்னு பாத்தா நேர்மையை விட்டுக் கொடுத்துர முடியுமா?

மறு சனிக்கிழமை அந்தப் பிள்ளை வந்துச்சு. ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு நேரா வந்திருக்கு போல, கழுத்துல பள்ளிக்கூட அட்டை தொங்குது, விரல்ல சாக்பீஸ். உக்காரும்மான்னேன். உக்காரல.

"சார், உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. ஒண்ணே ஒண்ணு தெரியணும். இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"எதுக்கும்மா இப்ப அது?"

"எங்க அத்தைன்னு அப்பா சொல்றாங்க. அத்தையா?"

பாத்தீங்களா, அவராவே போய்ச் சொல்லிட்டார்! நான் மறுத்த பிறகும்! அப்பதான் எனக்குக் கோவம் வந்துச்சு. செத்தவங்களுக்காகப் பேச ஆள் வேண்டாமா?

"உங்க அத்தை இந்த ஆபீஸ் படியே மிதிச்சது கிடையாதும்மா"ன்னேன். "உங்க அப்பாதான் சொன்னார். எட்டு வருஷத்துக்கு முன்னாடி. இதே இடத்துல உக்காந்து."

அந்தப் பிள்ளைக்குப் புரியணுமேன்னு நான் விவரமாச் சொன்னேன். அவர் எப்படி அழுதார், எந்த வார்டு, எத்தனை மாசம், கட்டிப் போட்டிருந்தது, எல்லாத்தையும். அவர் சொன்னதை ஒண்ணு விடாமச் சொன்னேன். பக்கத்துல ஜாதகம் பாக்க வந்திருந்த ரெண்டு பேர் எந்திரிச்சு வெளிய போயிட்டாங்க. மரியாதை தெரிஞ்சவங்க.

"அம்மா உயிரோட இருக்கும்போதா?"ன்னு கேட்டுச்சு.

"ஆமாம்மா. உங்கம்மாவுக்கும் தெரியக் கூடாதுன்னார்."

"நன்றி சார்"னு சொல்லிட்டுப் போயிருச்சு. நன்றின்னு சொல்லுச்சு, கவனிச்சீங்களா? அதுல இருந்து தெரியலையா நான் செஞ்சது சரின்னு? ஊர்ல அத்தனை பேரும் என்னைத் திட்டுறான், அந்தப் பிள்ளை ஒருத்திதான் நன்றி சொல்லுச்சு.

ஒரு மாசத்துல வேலையை விட்டுட்டு வேற ஊருக்குப் போயிருச்சு. தகப்பன்கிட்ட எங்கன்னு சொல்லல. அவர் குளிச்சிட்டு வர்றதுக்குள்ள பெட்டியை எடுத்துக்கிட்டுப் போயிருச்சாம். கண்ணு மருந்துப் பாட்டிலை மட்டும் எந்தெந்த நேரத்துக்கு விடணும்னு சீட்டு எழுதி ஒட்டி வச்சிருந்துச்சாம். போன் நம்பரையும் மாத்திருச்சு. அவர் இப்ப சாயங்காலம் தனியா ஸ்டேஷன் வரைக்கும் போறார். போய், வர்ற வண்டியெல்லாம் பாத்துட்டுத் திரும்பி வர்றார். என்னைக் கண்டா அந்தப் பக்கம் திரும்பிக்கிடறார். எட்டாங்கிளாஸ் வரைக்கும் ஒரே பெஞ்சு சார்.

போன வாரம் சங்கத்துக்கு அந்தப் பிள்ளைகிட்ட இருந்து ஒரு லெட்டர் வந்துச்சு. தன்னோட பதிவை முழுசா எடுத்துரணும், எடுத்துட்டோம்னு பதில் போடணும்னு கேட்டு. கீழ புது விலாசம், புது நம்பர் எல்லாம் இருக்கு. நீங்க வந்ததும் எடுக்கச் சொல்லலாம்னு இந்த டிராயருக்குள்ள வச்சிருக்கேன். எப்படியோ அது வெயிலுமுத்து காதுக்குப் போயிருச்சு. அவரே வந்துட்டார். உள்ள வரல, அந்த வாசப்படியில நின்னார். ஒரு கண்ணு சிவந்து நீரு வடியுது. "நம்பரை மட்டும் கொடு தங்கமாரி. நான் பேச மாட்டேன். எடுக்காளான்னு மட்டும் பாத்துட்டு வச்சுடறேன்"ங்கார்.

நான் டிராயரைப் பூட்டினேன். "வெயிலுமுத்து, பதிவு பண்ணினவங்க விவரத்தை அவங்க சம்மதம் இல்லாம வெளிய கொடுக்கப்படாது, சங்கத்து விதி"ன்னேன். ரொம்ப நேரம் நின்னுக்கிட்டே இருந்தார். நான் என் வேலையைப் பாத்தேன். கொடுக்கலாமா சார்? ஒருத்தர் நம்மளை நம்பி ஒண்ணைக் கொடுத்திருக்காங்கன்னா, அதைக் காப்பாத்தணும்ல?